மூடுபனியும் இரு விளக்குகளும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே ஏலத் தோட்டங்கள். காலையில் ஆட்களை ஏற்றிச் சென்று மாலையில் இறக்கி வருபவை ஜீப்புகள். அவை இறங்கும் வேளையில்தான் மூடுபனியும் இறங்கும். நம் சகோதரியின் மகன் அத்தகைய ஜீப் ஒன்றை ஓட்டி வருகிறான். அதில் வருவோர் பெரும்பாலும் தம் கூலியால் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள்.

பனிக்கென அவன் இரண்டு விளக்குகளை ஒரு பட்டறையில் பொருத்தி வாங்கினான். பத்து நாள் சென்றிருக்கும். வளைவொன்றில் இறங்கும்போது சுவிட்சிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. நிறுத்திப் பார்த்தால் பிளாஸ்டிக் இளகியிருந்தது. வண்டியில் பதினொரு பேர்!

“பட்டறைக்காரர் கட்டியதை நாமே பிரிக்கலாமா மாமா?” என்றான்.

“கருகுவதைப் பிரிக்காமல் வைத்திருக்கலாமா?” என்றோம்.

காரணம் எளிது. 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு. ஆக 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அவை ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவையும் மெல்லிய வயரில், சிறிய சுவிட்சின் வழியே விட்டிருந்தனர். இடையில் பியூஸும் இல்லை.

முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். அதைச் செய்யாமல் ஸ்பானரை எடுப்பது அறிவுடைமையன்று. பின் நேர்முனையை ஒட்டியே 15 ஆம்பியர் பியூஸ்; அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு; 87ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்கு. 86ஆம் முனைக்குச் சுவிட்சிலிருந்து ஒரு மெல்லிய வயர். 85ஆம் முனை வண்டியின் உடலுக்கு. இனிச் சுவிட்ச் சுமப்பது ரிலேயைத் தூண்டும் சிறு மின்னோட்டத்தை மட்டுமே. ஏவலன் கதவைத் தட்டுகிறான். சுமையைத் தூக்குபவன் வேறொருவன். சுவிட்சுக்குரிய மின்சாரத்தைச் சிறு விளக்கின் வயரிலிருந்து எடுத்தோம். அது அணைந்தால் இவையும் அணைந்துவிடும்.

வயர் தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையேல் ஜீப்பின் அதிர்வே தகட்டை அரமாக்கிவிடும். எர்த் கொடுக்குமிடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, இரும்பு பளிச்சிட்ட பின்னரே போல்ட்டை முறுக்கினோம். மங்கலாக எரியும் விளக்குகளிற் பல, பல்பின் குற்றத்தால் அல்ல, இந்த ஓரிடத்துச் சோம்பலால் மங்குகின்றன.

விளக்கை அரபியில் மிஸ்பாஹ் என்பர். காலையைக் குறிக்கும் ஸுபுஹும் அதே வேரில் கிளைத்த சொல்தான். ஆயினும் பனியில் விளக்கைப் பெருக்கினால் காலை வந்துவிடாது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். பனித்துளிகளும் பொருள்களே! உயரத்திலிருந்து பாய்ச்சிய ஒளியை அவை ஓட்டுபவன் கண்ணுக்கே திருப்பியனுப்பும். எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஆகவே பட்டறையில் கூரைமீது வைத்த விளக்குகளைப் பம்பருக்கு இறக்கினோம்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்பர் பலர். துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாயிருக்கலாம். உண்மையில் உதவுவது தாழ்வும், மேல் விளிம்பு வெட்டுப்பட்ட அகன்ற கற்றையுமே.

இறுதியாக, சமதரையில் சுவருக்கு 25 அடி தொலைவில் ஜீப்பை நிறுத்தி, விளக்கின் நடுவுயரத்துக்கு நான்கு அங்குலம் கீழே சுண்ணக்கோடு இழுத்து, ஒளியின் மேல் விளிம்பை அக்கோட்டில் அமர்த்தினோம். எதிரே வருபவனும் ஒரு தாயின் பிள்ளையல்லவா? அவன் கண்ணைக் கூசவைத்து நாம் காணும் பாதை நமக்கு எதற்கு?

பனியற்ற சாலையில் அவ்விளக்குகளுக்கு வேலையில்லை. தையற்காரர் தைத்துத் தந்த இரு கறுப்பு உறைகள் இப்போது ஜீப்பில் கிடக்கின்றன. அடிவாரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறான். ஊருக்குள் நுழையுமுன் இறங்கி அவற்றை மாட்டிக்கொள்கிறான்.