நோஞ்சான் கார்கள்

1975 மாடல் கார்வெட் என்றால் அமெரிக்கக் கார் பிரியர்கள் சிரிப்பார்கள். 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர். ஆனால் அடிப்படை மாடலில் வெறும் 165 குதிரைத்திறன். 1970இல் இதே அளவு எஞ்சினுக்கு 300 என்று போட்டிருந்தார்கள். வித்தியாசத்தில் ஒரு பகுதி கணக்கு வித்தைதான். முன்பெல்லாம் ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் அளந்தார்கள். 1972 மாடல்களிலிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். மிச்சம் நிஜமான இழப்பு.

காரணம், 1970 டிசம்பர் 31 அன்று நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம். 1975 மாடலுக்குள் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும் என்றது அது. முடியவே முடியாது என்றது டெட்ராய்ட். கெடு தள்ளிப்போனது. கடைசியில் பழைய எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு மேலே காற்று பம்ப், வால்வு, எங்கெங்கோ ஓடும் வேக்குவம் குழாய்கள் என்று ஒட்டுப்போட்டார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பானெட்டைத் திறந்த அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. ரிலீஸுக்கு முந்தின வாரம் எழுதின கோடு அப்படித்தான் இருக்கும். ஹோண்டா மட்டும் எரியும் அறையையே புதிதாக யோசித்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலே தேறியது. செவர்லே இம்பாலா ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினிலும் செய்து காட்டியது.

ஆனால் டெட்ராய்டின் ஒட்டுகளில் ஒன்று உலகத்தையே மாற்றியது. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினத்தை ஈயம் கெடுத்துவிடும். ஆகவே 1975 கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயமானது. 1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது.

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டரும் ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது 1995 ஏப்ரலில். சரியாக இருபது வருஷம் தாமதம். அதற்கு முன்புதான் நான் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி அண்ணா சாலைப் புகையைக் குடித்துக்கொண்டிருந்தேன். என் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று யாரும் அளந்ததில்லை. இனி அளந்தும் புண்ணியமில்லை.

போன குதிரைகளும் திரும்பி வந்தன. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் சின்னக் கணினி ஒன்றை வைத்தது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை சென்சார் சொல்ல, கணினி கலவையைத் திருத்தும். அங்கிருந்து மெல்ல மெல்ல முன்னேறி, 1992 கார்வெட் அதே 5.7 லிட்டரில் 300ஐத் தொட்டது. இந்தமுறை எல்லாவற்றையும் மாட்டி அளந்த 300; கன்வெர்ட்டரும் சேர்த்து.

நடுவில் இருந்த நோஞ்சான் கார்களைத்தான் எல்லாரும் கேலி செய்கிறார்கள். முடியாது என்றவர்களையே செய்ய வைத்தால் முதலில் வருவது அப்படித்தான் இருக்கும். அதுகூட எங்கள் ஊருக்கு இருபது வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாம்.