புகையிலையும் பானையும்

மலையகத்து லயங்களிலே வளர்ந்த எனக்கு வெற்றிலையோடு மெல்லும் புகையிலையின் மணம் பழகியது. பியரும் இம்மலைக்குப் புதிதன்று. நுவரெலியாவில் 1881ஆம் ஆண்டிலேயே பியர் ஆலை தோன்றியது. ஆயினும், வீட்டிற் காய்ச்சும் பியருக்குப் புகையிலையால் மணமூட்டலாமென நண்பர் ஒருவர் கூறியபோது நான் உடன்படவில்லை.

மெல்லும் புகையிலை வாய்ப்புற்றைத் தரவல்லது. எனினும் அதன் சாற்றிற் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். பானத்தில் ஊறியதையோ முழுவதும் விழுங்குகிறோம். அதிலுள்ள நிக்கொட்டின் என்னும் நஞ்சு நீரிலும் மதுசாரத்திலும் கரையும். அதன் கொதிநிலை 247 பாகை செல்சியஸ். ஆதலின் கொதிக்கவைத்தாலும் நீங்காது. இலைக்கு இலை அதன் அளவும் வேறுபடும்.

காய்கறிச் செடியிற் பூச்சி கொல்லத் தெளிப்பதும் இதே புகையிலைச் சாறன்றோ? அதனை விருந்தினர்க்கு வார்த்தல் தகுமோ? மணமே வேண்டின், இஞ்சியும் ஏலமும் கறுவாவும் நம் நாட்டிலேயே விளைகின்றன.