உச்சியில் இழை தொய்யாதா?



இதுவரை செய்த பயிற்சிகளைச் சற்று மூடிவைத்துவிட்டு, நான் பிழையாகச் செய்த ஒரு கணக்கைக் கேளுங்கள். இது உங்கள் க.பொ.த. (சா/த) வினாத்தாளில் வராது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்களுக்கு வருவது. ஆனால் இதற்கு வேண்டிய விடயங்கள் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவையே. இயக்கசக்தி அழுத்தசக்தியாக மாறுவதும், நியூற்றனின் இரண்டாம் விதியும் தெரிந்தால் போதும். ஆகவே ஒரு பென்சிலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது 1994 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் 1990 இலிருந்து மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த விளக்கில்தான் படித்தோம். எங்கள் வீட்டில் படிப்புக்கென்று அம்மா அனுமதித்தது இரவில் ஒரு மணித்தியாலம். நான் உயர்தர வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தேன். அந்தத் தலைக்கனமும் இருந்தது.

சேர் தந்த வீட்டுவேலை இதுதான். 0.9 மீற்றர் நீளமுள்ள இலேசான இழையொன்றின் ஒரு முனை நிலையாகக் கட்டப்பட்டுள்ளது. மறுமுனையில் 0.2 கிலோகிராம் திணிவுடைய கல்லொன்று தொங்குகிறது. கல் நிலைக்குத்து வட்டமொன்றை முழுமையாகச் சுற்றி வருவதற்கு, மிகத் தாழ்ந்த புள்ளியில் அதற்குக் கொடுக்கவேண்டிய மிகக் குறைந்த கதி யாது?

நான் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டேன். வட்டத்தின் உச்சி அடியிலிருந்து 1.8 மீற்றர் உயரத்தில் உள்ளது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால், அங்கே கல்லின் அழுத்தசக்தி 0.2 × 10 × 1.8, அதாவது 3.6 யூல். அடியில் இவ்வளவு இயக்கசக்தி இருந்தால் கல் உச்சியைத் தொட்டுவிடும். எனவே விடை செக்கனுக்கு 6 மீற்றர். விளக்கை அணைத்துவிட்டு, எண்ணெய் மிச்சம் பிடித்த பெருமையோடு படுத்தேன்.

நீங்களும் இப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செய்யாதவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

கொப்பி திரும்பி வந்தபோது பிழை அடையாளம் இருக்கவில்லை. விடைக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: "உச்சியில் இழை தொய்யாதா?" எனக்குக் கோபம் வந்தது. சக்திக் காப்பு விதியில் என்ன பிழை? கல் மேலே போகத் தேவையான சக்தியைக் கொடுத்திருக்கிறேனே! சேரிடம் கேட்டேன். "வீட்டில் வாளி இருக்குத்தானே?" என்று மட்டும் சொன்னார்.

வாளி இருந்தது. ஒன்றே ஒன்று. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்கும், குளிப்பதற்கும், மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதற்கும் அந்த ஓர் அலுமினிய வாளிதான். பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அதில் கால்வாசி தண்ணீர் விட்டு, கைபிடியைப் பிடித்துக் கையை நீட்டி மெதுவாக மேல்நோக்கிச் சுற்றினேன். வாளி உச்சிக்குக் கிட்டப் போனது. கை விடவில்லை, ஆனால் தண்ணீர் என் தலையில்.

தலையைத் துவட்டாமலே கிணற்றடியில் குந்தியிருந்து யோசித்தேன். வாளியை என் கை மேலே கொண்டுபோனது. தண்ணீரை யார் பிடித்து வைத்திருப்பது? வட்டத்தில் போகும் எதற்கும் மையத்தை நோக்கி ஓர் ஆர்முடுகல் இருக்கவேண்டும். கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் அது கிடைக்கும். உச்சியில் மையம் கீழே இருக்கிறது. புவியீர்ப்பும் கீழ்நோக்கியே இழுக்கிறது. கதி குறைவாக இருந்தால் வட்டப் பாதைக்குத் தேவையானதைவிடப் புவியீர்ப்பு கூடுதலாக இழுத்துவிடும். பொருள் வட்டத்தை விட்டு உள்ளே விழும். அதைத் தடுக்க இழை கல்லை மேல்நோக்கித் தள்ளவேண்டும். இழைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. இழைக்குப் பதிலாக ஓர் இலேசான கம்பி என்றால் தள்ளும். கம்பிக்கு என் விடையைவிட ஒரு துளி கூடுதலான கதி போதும்.

ஆகவே உச்சியில் கதி பூச்சியமாக இருக்க முடியாது. இழுவை பூச்சியமாகலாம், அதுதான் எல்லை. அப்போது ஆர்முடுகல் 10. ஆரை 0.9. இரண்டையும் பெருக்கினால் 9. உச்சியில் கதி செக்கனுக்கு 3 மீற்றராவது இருக்கவேண்டும். அதற்குரிய இயக்கசக்தி 0.9 யூல். அதை 3.6 உடன் கூட்ட மொத்தம் 4.5 யூல். அடியில் கதியின் வர்க்கம் 45. விடை செக்கனுக்கு ஏறத்தாழ 6.7 மீற்றர்.

சரி, என் 6 மீற்றருக்கு என்ன நடக்கும்? பென்சிலால் செய்து பாருங்கள். கல் 1.5 மீற்றர் உயரத்துக்கு வரும்போதே இழை தொய்ந்துவிடும். அப்போது அதனிடம் 0.6 யூல் இயக்கசக்தி மீதியாக இருக்கும். உச்சிக்கு இன்னும் 0.3 மீற்றர், அதற்குத் தேவையானதும் சரியாக 0.6 யூல்தான். பையில் காசு இருக்கிறது, பாதை முடிந்துவிட்டது. இந்த இடத்தை நான் இன்றைக்கும் ரசிப்பேன்.

விடை வந்த சந்தோசத்தில் வாளியை மீண்டும் எடுத்தேன். இம்முறை வேகமாகச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஒரு துளியும் சிந்தவில்லை. மூன்றாவது சுற்றில் வாளி கீழே வரும்போது கைபிடியின் ஒரு காது கழன்றது, மற்றதும் போனது. வாளி நிலத்தோடு ஒட்டினாற்போல நேரே பறந்து கிணற்றுக் கட்டில் மோதி நசுங்கியது. கைபிடி மட்டும் என் கையில்.

அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பழைய பிளாஸ்ரிக் கானின் வாயை வெட்டிக் கயிறு கட்டினார். இரவு விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, "மேல போகேக்க கழராதது கீழ வரேக்க ஏன்டா தம்பி கழன்டது?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என் அம்மா. சேர் கேட்காத கேள்வி அது.

அடியில் மையம் மேலே இருக்கிறது. இழை கல்லின் நிறையையும் தாங்கவேண்டும், கல்லை வளைத்தும் எடுக்கவேண்டும். கல்லின் நிறை 2 நியூற்றன். வளைப்பதற்கு 0.2 ஐ 45 ஆல் பெருக்கி 0.9 ஆல் வகுத்தால் 10 நியூற்றன். மொத்தம் 12. நிறையின் ஆறு மடங்கு! இழை எவ்வளவு நீளமானாலும், கல் எவ்வளவு பாரமானாலும், மட்டுமட்டாகச் சுற்றும்போது இந்த ஆறு மாறாது. என் கை வாளியை இடையிடையே உந்தியதால் வாளிக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் கைபிடி அடியில்தான் கூடிய விசையைத் தாங்கியது.

அம்மாவுக்கு விளங்கப்படுத்த அன்றைய விளக்கு நேரம் முழுவதும் முடிந்துவிட்டது. "அப்ப இரண்டு கிலோத் தண்ணி பன்னிரண்டு கிலோவாத் தெரியுமோ?" என்றார். ஓம் என்றேன். அடுத்த கிழமை சந்தையடித் தகரவேலைக்காரரிடம் வாளியைக் கொடுத்தபோது, காதுக்கு இரண்டு ஆணிக்குப் பதிலாக நான்கு ஆணி அடிக்கச் சொன்னார்.

கணக்கைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். சேர் சரி போட்டார். விடைக்கு அலகு எழுதவில்லை என்று அரைப் புள்ளியைக் குறைத்தார்.