விரிச்சி

அக்காவின் விரல் முட்டிகளின் மேல் செந்நிறத் தடிப்புகள் தோன்றியபோது பாத்திரம் துலக்கும் சோப்பின் ஒவ்வாமை என்றே எண்ணினோம். களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கண்ணிமைகள் ஊதா கலந்து சிவந்து வீங்கின. வெயில் என்றார்கள். ஐப்பசி மழையில் வெயில் ஏது என்று நாங்களும் கேட்கவில்லை. ஒரு காலையில், தலைவாரக் கையைத் தூக்க இயலாமல் சீப்பை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் தோலும் தசையும் ஒரே நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. டெர்மடோமயோசிடிஸ். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய்களுள் ஒன்று.

முதல் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டின் கைனேஸ் இயல்பான அளவில் இருந்தது. தசை சிதைகையில் இரத்தத்தில் கசியும் நொதி அது. கசிவு இல்லை, ஆகவே தசைநோய் இல்லை என்று ஒரு மருத்துவர் முடித்துவிட்டார். இந்நோயில் அந்த அளவு உயராமல் இருப்பதும் உண்டு என்பதை இரண்டு மாதம் கழித்து வேறொருவர் சொல்லி அறிந்தோம். அந்த இரண்டு மாதங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் எதிர்ப்பொருள்களைப் பார்க்கச் சொன்னார். வந்த தாளில் ஒரு பட்டியல். தமிழாசிரியனுக்குப் பெயர்க்காரணம் தேடாமல் இருக்க முடியாது; 1980இல் விவரிக்கப்பட்ட ஜோ-1 என்பது அது கண்டறியப்பட்ட நோயாளியின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளாம். எம்டிஏ5 இருந்தால் தசை ஏறக்குறைய நலமாக இருக்கும்போதே நுரையீரல் விரைந்து கெடக்கூடும். எம்ஐ-2 இருந்தால் பெரும்பாலும் மருந்துக்கு நன்கு இணங்கும். அக்காவுக்கு டிஐஎஃப்1-காமா. சிறுவர்களிடம் அதற்கு இந்தப் பொருள் இல்லை. நாற்பதைக் கடந்தவர்களிடம் அது காணப்பட்டால் உடலில் எங்கேனும் புற்று ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அக்காவுக்கு 52.

முல்லைப்பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லைமலரும் தூவித் தொழுது, நற்சொல் கேட்க நிற்கிறார்கள். ஓர் ஆய்மகள், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாயர் இப்போது வந்துவிடுவர் என்கிறாள். போருக்குச் சென்ற தலைவன் வருவான் என்பதற்கு அதுவே விரிச்சி ஆகிறது. அவள் பேசியது இவர்களிடம் அன்று. இந்த எதிர்ப்பொருளும் நம்மிடம் பேசுவதில்லை. எங்கோ முளைத்த கட்டியை நோக்கி எழுந்த எதிர்ப்பு, தன் தசைக்கும் தோலுக்கும் திரும்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஒரு கருத்து. அந்தப் பேச்சைத்தான் நாங்கள் ஒட்டுக்கேட்டு நின்றோம்.

மார்பு, வயிறு, கருப்பை, சினைப்பை, குடல் எனத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. ஆயினும் முதல் மூன்று ஆண்டுகள் கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கையைத் திருப்பித் தந்தன. முகம் உப்பிவிட்டது; அது அவளுக்குப் பெரிய வருத்தம். இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

சென்ற ஞாயிறன்று விரிச்சிக் கதையை அவளிடம் சொன்னேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"கன்னுக்குச் சொன்னதை இவங்க ஏன்டா தம்பி தங்களுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க?"

விடை சொல்லத் தெரியவில்லை. அவளே, "அடுத்த ஸ்கேன் தை பிறந்தா, இல்லை அதுக்கு முன்னாலயா?" என்றாள்.