பூசினேன், பூசுவித்தேன்: ஒரு தரை எழுப்பிய இலக்கணக் கேள்வி

சென்ற மார்ச் மாதம், மைசூர் மண்டி மொஹல்லாவில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் அறையின் சிமெண்ட் தரைக்கு எப்பாக்சி பூசினேன். 'பூசினேன்' என்னும் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே ஆள்கிறேன். ஆள் வைத்துச் செய்த வேலை அன்று. என் கையால் செய்தது. தமிழில் இந்த விளக்கத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதே இப்பதிவின் பொருள்.

அறை 120 சதுர அடி. தரை பழையது, நாள்தோறும் பெருக்கினாலும் பொடி விட்டுக்கொண்டே இருந்தது. களப்பணிக் குறிப்பேடுகளிலும் ஒலிப்பதிவுக் கருவியிலும் சாம்பல் நிறப் படலம் படிந்தது. இவ்வளவு சிறிய வேலைக்கு ஒப்பந்தக்காரர்கள் வருவதில்லை. வீட்டு உரிமையாளர் அம்மா இசைவு தந்ததும் நானே செய்வதென முடிவு செய்தேன்.

எப்பாக்சி என்பது பெயின்ட் போலக் காய்ந்து இறுகுவது அன்று. பிசின் ஒரு டப்பாவிலும் கடினமாக்கி மற்றொரு டப்பாவிலும் வரும். இரண்டும் கலந்த கணத்தில் வேதிவினை தொடங்கி வெப்பம் வெளிப்படும். கலவையை வாளியிலேயே குவித்து வைத்தால் அவ்வெப்பமே வினையை விரைவுபடுத்திச் சில நிமிடங்களில் கல்லாக்கிவிடும். தரையில் பரப்பினால் வெப்பம் தணிந்து, வேலை செய்ய நேரம் கிடைக்கும். சுவிஸ் நிறுவனமான சீபா 1946இல் அறிமுகப்படுத்திய 'அரால்டைட்' பசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீடுகளில் உடைந்த பொருளை ஒட்ட இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கிறோமே, அதன் அகன்ற வடிவம்தான் இந்தத் தரைப்பூச்சு.

உழைப்பின் பெரும்பகுதி பூசுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. முதலில் ஈரச் சோதனை: ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு விளிம்பும் இறுக ஒட்டி, 16 மணி நேரத்திற்குக் குறையாமல் விட்டு, அடியில் நீர் கோத்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். கோத்திருந்தால் பூச்சு கொப்புளித்து எழும். பின்னர், மேலே படிந்து இறுகிய வலுவற்ற சிமெண்ட் பாலை வைரச் சக்கரம் பொருத்திய இயந்திரத்தால் அரைத்தெடுக்க வேண்டும். அரைத்த இடத்தில் தெளித்த நீர்த்துளி முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட்டால் தரை ஆயத்தம். பூசுவதற்கு மாலை நேரமே ஏற்றது. காலையில் தரை சூடேறும்போது கான்கிரீட்டின் நுண்துளைக் காற்று விரிந்து மேலெழுந்து பூச்சில் குமிழிகளை விட்டுச்செல்லும். மறுநாள் மெதுவாக நடக்கலாம். முழு வலிமை பெற ஒரு வாரம் ஆகும்.

நான்காம் நாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொத்தனார். வீட்டில் உருது, என்னுடன் கன்னடம். தரையைப் பார்த்துவிட்டு, "யார கைலி மாடிஸித்ரி?" என்று கேட்டார். யார் கையால் செய்வித்தீர்கள் என்பது பொருள். "நானே மாடிதெ" என்றேன். அவர் சிரித்தார், பின்னர் என் கையுறைகளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

அவருடைய வினைச்சொல் என்னைவிட்டு அகலவில்லை. கன்னடத்தில் வீட்டு உரிமையாளர் இயல்பாகச் சொல்வது 'மனெ கட்டிஸிதெ', அதாவது 'கட்டுவித்தேன்'. உருதுவிலும் 'பனானா' வேறு, 'பன்வானா' வேறு. முன்னது ஆக்குதல், பின்னது பிறரைக் கொண்டு ஆக்குவித்தல். இவ்விரு மொழிகளும் ஒலிக்கும் இத்தெருவில், தமிழராகிய நாம் மட்டும் ஒரு செங்கல்லும் தொடாமல் 'வீடு கட்டினேன்' என்கிறோம்.

தமிழுக்கு வழியில்லாமல் இல்லை. 'வி', 'பி' என்னும் பிறவினை விகுதிகளை நன்னூல் வகுத்துத் தந்திருக்கிறது. கட்டச் சொன்ன அரசனை ஏவுதல் கருத்தா என்றும், கட்டிய தச்சனை இயற்றுதல் கருத்தா என்றும் இலக்கணம் பிரித்தே வைத்தது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டில் இராசராசன் தன் செயலைக் குறிக்க ஆளும் சொல் 'எடுப்பிச்ச' என்பது; எடுப்பித்த என்னும் பிறவினையின் பேச்சுச் சாயல் கொண்ட வடிவம். மன்னன் தன்னை ஏவியவனாகவே கல்லில் பொறித்துக்கொண்டான். 'இராசராசன் கட்டினான்' என்று நாம்தான் சொல்லி வருகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இயற்றுவோர் வாக்கியத்திலிருந்து மறையும்போது அவர்களுடைய உடலும் மறைகிறது. கான்கிரீட்டை அரைக்கையில் எழும் சிலிக்காத் தூசியை, புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. எப்பாக்சிப் பிசினும் கடினமாக்கியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை அது வந்துவிட்டால் பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் தோல் வெடிக்கும், அந்தத் தொழிலையே கைவிட நேரும். நான் நைட்ரைல் கையுறையும் தூசி வடிகட்டும் முகமூடியும் அணிந்து நான்கு நாள் செய்தேன். வெறுங்கையோடு நாற்பது ஆண்டு சிமெண்ட் குழைத்தவர் அந்தக் கையுறையை ஏன் அப்படிப் பார்த்தார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவருடைய விரல்கள் வெடித்திருந்தன.

ஆய்வுலகத்தின் வாக்கியங்களும் இத்தரையைப் போன்றவையே. 'தரவுகளைத் திரட்டினேன்', 'பதிவுகளை எழுத்தாக்கினேன்' என்று எழுதுகிறோம். திரட்டியதில் ஊர் ஊராக அழைத்துச் சென்றவருக்கும், நான்கு மணி நேரம் சலிக்காமல் சொற்பட்டியலுக்கு விடை தந்த பாட்டிக்கும், பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்த மாணவருக்கும் பங்கு உண்டு. நன்றியுரையில் பெயர் சேர்ப்பது நல்ல வழக்கமே. ஆயினும் நன்றியுரை நூலின் வாசலில் நிற்பது. வினைமுற்று உள்ளே இருப்பது. யார் எதைச் செய்தார் என்பது முறையியல் இயலின் வாக்கியங்களிலேயே தெரிய வேண்டும். தரவின் நம்பகத்தன்மையை மதிப்பிடவும் வாசகருக்கு அது தேவை.

அடுத்த மாதம் அந்த இயலை எழுதத் தொடங்குகிறேன். ஒவ்வொரு வினைக்கும் அதன் இயற்றுதல் கருத்தாவை வாக்கியத்துக்குள்ளேயே நிறுத்தி எழுத எண்ணம். நண்பர்கள் தத்தம் துறைகளில் இதை எவ்வாறு கையாள்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதினால் பயன்படும்.