குழந்தையின் இரவுக்கும் கஸ்ரு உண்டு

 

நம் குடும்பங்களில் ஒரு பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பணத்திற்கும் விடுப்புக்கும் அடுத்தபடியாக எழும் தடை ஒன்றுண்டு. "புள்ளை ராத்திரி தூங்காதே!" என்பதே அது. அதைச் சொல்பவர் பெரும்பாலும் தாய்தான். உறவினர் வீட்டுத் திருமணமாயினும், நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதாயினும், நான்கு நாள் சுற்றுலாவாயினும் மற்றவர்கள் புறப்பட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு அவள் மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறாள். சில ஆண்டுகளில் அடுத்த குழந்தை பிறக்கிறது, தடையும் புதுப்பிக்கப்படுகிறது. இவ்வாறு தம் இளமையின் நல்ல ஆண்டுகளை நான்கு சுவர்களுக்குள்ளேயே கழித்துவிட்ட தாய்மார்களை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். எனவே, குழந்தை உறங்குவதைப் பற்றியெல்லாம் ஒரு கட்டுரையா என்று எண்ணிவிடாதீர்கள். அந்த உறக்கத்தில் ஒரு தாயின் ஓய்வும் அடங்கியிருக்கிறது.

2019 ஜனவரியில், பொங்கல் விடுமுறையை ஒட்டி, இலட்சத்தீவுக்குக் கப்பலில் சென்று வர நாங்கள் முடிவு செய்தோம். 'சமுத்ரம்' என்னும் ஐந்து நாள் கடற்பயணத் திட்டம் அது. எம்.வி. கவரத்தி என்ற கப்பல் கொச்சியிலிருந்து புறப்பட்டுக் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளுக்குச் செல்லும். பகலில் தீவில் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம். இரவுகளைக் கப்பலில்தான் கழிக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் இருவரும் துள்ளிக் குதித்தார்கள். என் துணைவியாரின் கண்களோ எங்கள் கடைக்குட்டியின் மீதே நிலைத்திருந்தன. அவளுக்கு அப்போது இரண்டரை வயது.

அவருடைய கவலை நியாயமானதே. கூடலூரில் எங்கள் வீட்டு இரவு ஓர் ஒழுங்கில் நடக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையிலேயே குளிர் வாசற்படி ஏறி வந்துவிடும். பிஸ்மி சொல்லிக் கதவைச் சாத்துவோம். குழந்தைக்கு இளஞ்சூட்டு நீரில் கைகால் முகம் கழுவி, கம்பளிச் சட்டை மாட்டி, குழைந்த சோறு ஊட்டுவோம். பிறகு விளக்கைத் தணித்துவிட்டு ஒரு நபிமாரின் கதை, அதன்பின் ஒரு தாலாட்டு. கடைசியாக, குல்ஹுவல்லாஹு முதலான மூன்று சூராக்களையும் ஓதிக் கைகளில் ஊதி உடலெங்கும் தடவிவிடுவோம். எட்டரை மணிக்குள் அவள் உறங்கிவிடுவாள். மலைக் குளிருக்கும், ஓட்டு வீட்டின் அமைதிக்கும் பழகிய இந்தக் குழந்தை, புழுக்கமான கடற்காற்றிலும் இடைவிடாத இயந்திர ஓசையிலும் எப்படி உறங்கும்?

கடலில் குழந்தையை உறங்க வைத்த அனுபவம் எங்கள் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்து வந்த தமிழர்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்க இசைந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக அவர்கள் வந்தார்கள். அவர்களின் மறுவாழ்வுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பகுதிகளில் நாம் காணும் தேயிலைச் சரிவுகள் பல அவர்களின் கைகளால் உருவானவை.

அப்படி வந்து குடியேறிய முதியதோர் அம்மையார் எங்களுக்குப் பழக்கமானவர். பயணம் சொல்லிக்கொள்ளச் சென்றபோது, என் துணைவியாரின் கவலையைக் கேட்டுச் சிரித்தார். பிறந்த தோட்டத்தையும் பெற்றோரின் புதைகுழிகளையும் விட்டுவிட்டு, ஒன்றரை வயதுப் பிள்ளையைச் சுமந்தபடி கடல் கடந்தவர் அவர். "அந்தக் கப்பல்ல புள்ளை எப்படியம்மா தூங்குச்சு?" என்று கேட்டோம். "லயத்துல தொட்டில் கட்டுன அதே சேலையைத்தான் போர்த்தி மடியில போட்டுக்கிட்டேன். ஊருதான் தம்பி மாறிச்சு, சேலை மாறலையே!" என்றார்.

அன்றிரவே என் துணைவியார், மறைந்த தம் தாயாரின் பழைய பருத்திச் சேலையைப் பெட்டியில் எடுத்து வைத்தார். அதைப் போர்த்திக்கொண்டுதான் எங்கள் மகள் நாள்தோறும் உறங்குவாள்.

நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி, நிலம்பூர் வழியாகக் கொச்சியை அடைந்து கப்பலேறினோம். முதல் இரவு எளிதாக இருக்கவில்லை. அறையில் படுக்கைகள் மேலும் கீழுமாக இருந்தன. சுவரெங்கும் இயந்திரத்தின் அதிர்வு. கதவிடுக்கில் நடைவழி விளக்கின் ஒளி. "வூட்டுக்குப் போலாம், உம்மா" என்று குழந்தை அழத் தொடங்கினாள். பத்து மணியாயிற்று, அழுகை ஓயவில்லை. சக பயணி ஒருவர் அன்போடு கைப்பேசியை நீட்டி, அதில் பொம்மைப் படம் காட்டச் சொன்னார். மற்றொருவர், சளி மருந்து ஒரு சிறு மூடி கொடுத்தால் உறங்கிவிடும் என்றார். இருவருக்கும் நன்றி கூறி மறுத்துவிட்டோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள், பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும் கூறியதாக நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். வளர்ந்த மனிதனுக்கே இந்த நிலை என்றால், காரணம் புரியாத பச்சிளம் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்? அது பிடிவாதமன்று, பயணத்தின் இயல்பு. அப்படி எண்ணிக்கொண்டால் பெற்றோரின் கோபம் பாதி தணிந்துவிடும்.

சரி, கோபம் தணிந்தால் மட்டும் குழந்தை உறங்கிவிடுமா? இங்கேதான், மதரஸாவில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் ஒரு சட்டம் நினைவுக்கு வந்தது. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது. அதைக் கஸ்ரு என்கிறோம். நான்கு இரண்டாகுமே தவிர, ஒன்றுமில்லாமல் போய்விடாது. மஃரிபின் மூன்று மூன்றாகவே நிற்கும். சுப்ஹின் இரண்டு இரண்டாகவே நிற்கும். சுருக்க வேண்டியது எது, சுருக்கக் கூடாதது எது என்பதை மார்க்கம் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது. பயணத்தில் முழுமையையும் வற்புறுத்தவில்லை; முற்றாகக் கைவிடவும் விடவில்லை. குழந்தையின் இரவுக்கும் இதே அளவுகோல் பொருந்துமல்லவா?

எங்கள் இரவை அவ்வாறே பிரித்துக்கொண்டோம். இளஞ்சூட்டு நீருக்குப் பதில் ஈரத்துணியால் கைகால் துடைத்தல். நீண்ட கதைக்குப் பதில், யூனுஸ் நபியை மீன் விழுங்கிய கதையின் சிறு துண்டு. தாலாட்டில் நான்கே அடிகள். இவை சுருங்கின. ஆனால் துடைத்தல், கதை, தாலாட்டு, ஓதுதல் என்ற வரிசை மாறவில்லை. உம்மும்மாவின் சேலை மாறவில்லை. ஓதி ஊதித் தடவும் அந்தக் கடைசிச் செயலும் மாறவில்லை. முதல் இரவில், பத்தரை மணி கடந்த பிறகு, இவ்வரிசையை முதலிலிருந்து மெதுவாக மீண்டும் நடத்தினோம். ஓதி முடிக்கையில் அழுகை விம்மலாகியிருந்தது. பதினோரு மணிக்கு உறங்கினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் உறங்கிவிட்டாள். மூன்றாம் நாள் மினிக்காயில், 1885இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், படகிலேயே மாலை உறக்கம் போட்டுவிட்டாள். அதனால் அன்றிரவு மறுபடியும் பத்தாயிற்று. நான்காம் இரவு, தாலாட்டின் இரண்டாம் அடியிலேயே கண்மூடினாள். இந்தக் கணக்கை உள்ளபடியே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒழுங்கு என்பது மந்திரமன்று. ஒரு நாள் பலிக்கும், ஒரு நாள் தாமதிக்கும். தாமதித்த இரவில் அதைக் கைவிடாதிருப்பதே முக்கியம்.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. ஜோடி மிண்டல் என்ற அமெரிக்க உளவியலறிஞரும் அவரது குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மார்கள் 405 பேர் அதில் பங்கேற்றனர். குளிப்பாட்டுதல், உடல் தடவிவிடுதல், தாலாட்டு போன்ற அமைதியான செயல் என்ற வரிசையை இரண்டு வாரம் இரவுதோறும் கடைப்பிடித்த வீடுகளில், குழந்தைகள் விரைவாக உறங்கினர். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது.

தாலாட்டு என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. நபி பெருமானார் மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் தாலப்பருவம் என்று அதற்கொரு பருவமே வகுத்துப் பாடினார்கள். தொட்டிலைக் கப்பலில் ஏற்ற இயலாமற் போகலாம். நாவை விட்டுவிட்டுப் பயணம் போவார் யாருமில்லை. ஓதுதலும் அவ்வாறே. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹசன், ஹுசைன் (ரலி) இருவருக்கும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி ஓதினார்கள். இப்ராஹீம் நபியும் தம் மக்களுக்காக இவ்வாறே ஓதி வந்ததை எடுத்துரைத்தார்கள். பாலைவனங்களைக் கடந்த குடும்பம் அது. ஊர்கள் மாறின, ஓதுதல் தொடர்ந்தது.

இலட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பின்படி அங்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். கொச்சியிலிருந்து தீவுகளுக்குக் கப்பலில் 14 முதல் 20 மணி நேரம் ஆகும். நமக்குச் சுற்றுலாவாக இருப்பது அத்தீவுத் தாய்மார்களுக்குப் பேருந்து போன்றது. மருத்துவத்திற்கும் படிப்பிற்கும் கைக்குழந்தையோடு இக்கடலைக் கடப்பது அவர்களின் வாழ்க்கை. அவர்களால் இயலும் ஒன்று நம்மாலும் இயலும்.

கப்பலேற எண்ணுவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்: குழந்தையைக் கீழ்ப் படுக்கையில், சுவரோரமாகப் படுக்க வைத்து, வெளிப்புறம் பெரியவர் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். இரவு கவியும்போது பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்ற நபிமொழியைக் கப்பலின் மேல்தளத்தில் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பகலுறக்கம் மூன்று மணிக்குள் முடியட்டும். பல தீவுகளில் கப்பல் கரையோடு அணையாது. சிறு படகுக்கு மாற வேண்டும். ஆகவே, குழந்தையைத் தூக்க இரு கைகளும் ஓய்வாக இருக்கும்படி சுமைகளைக் குறையுங்கள். இரவுணவு இலேசாக இருக்கட்டும். குமட்டலுக்கான மருந்தைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உறங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுப்பது ஆபத்து. அதைச் செய்யவே வேண்டாம். கைப்பேசியின் ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிரக் கொண்டுவராது.

இறுதியாக, தந்தைமார்களுக்கு ஒரு சொல். தொழுகையை நீட்ட எண்ணியிருந்த வேளையிலும், குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் துடிப்பாளே என்றெண்ணித் தொழுகையைச் சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குழந்தையின் அழுகையைக் கேட்டதும் அவர்கள் தாயை எண்ணினார்கள். நம்மில் எத்தனை பேர் அப்படி எண்ணுகிறோம்? உறங்க வைப்பது உம்மாவின் வேலை என்று ஒதுக்கிவிட்டுக் கடல் பார்க்கப் போவது அந்த வழிமுறைக்கு ஒத்ததாகுமா? இரவு வரிசையைத் தந்தையும் கற்றிருந்தால், அவரது நாவும் குழந்தைக்குத் தொட்டிலாகும்.

நாங்கள் இரண்டாம் இரவிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஓர் இரவு அவர், ஓர் இரவு நான். என் முறை வந்த கடைசி இரவில், குழந்தை உறங்கியபின் அறையில் நான் இருந்துகொள்ள, பெரிய மகளின் கைபிடித்து என் துணைவியார் மேல்தளத்திற்குச் சென்றார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், "இவ்வளவு நட்சத்திரமா!" என்றார். பதினேழு ஆண்டுத் திருமண வாழ்வில் இரவு நேரத்துக் கடலை அவர் பார்த்தது அதுவே முதன்முறை.

நம் மக்களின் உறக்கத்தை அமைதியானதாகவும், அவர்களுக்காக விழித்திருக்கும் தாய்மார்களின் இரவுகளை நற்கூலிக்குரியதாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.