தாத்தாவின் வண்டிக்கு மாற்று எஞ்சின்

"கற்றது கைம்மண்ணளவு" என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளைச் சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் ஒரு பழைய மோட்டார் வண்டியின் அருகில் நின்று அறிந்துகொண்டோம். நாங்கள் என்றால் அக்காள், தங்கை இருவர். நம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பயில்கிறோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடல் எங்கள் ஊர். எங்கள் தாத்தா நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர். அவர் நெய்து சேர்த்த பணத்தில் வாங்கியதுதான் எங்கள் வீட்டு 1988ஆம் ஆண்டு அம்பாசிடர் கார். ஊரில் எந்த வீட்டில் பிரசவ வலி கண்டாலும், நள்ளிரவானாலும், காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய வண்டி அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் எஞ்சினின் பிளாக் விரிசல் கண்டது. அன்றுமுதல் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. அதே ஆண்டில் தாத்தாவுக்கும் பக்கவாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது. திண்ணையில் சாய்ந்தபடி வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "வேற எஞ்சின் வெச்சாவது ஓட்டிடணும்" என்றார். ஆனால் கையிலிருந்த பணமோ எங்களில் மூத்தவளின் கல்லூரிக்கென்று சேர்த்தது. அதில் ஒரு பகுதியைத்தான் எடுக்க வேண்டும். தவறு நேர்ந்தால் வண்டியும் ஓடாது, படிப்பும் தடைப்படும். ஆகவே, "முதலில் விஷயம் தெரிந்துகொள்வோம், பிறகு பணம் கொடுப்போம்" என்று வீட்டில் முடிவாயிற்று. ஒரு வண்டிக்கு வேறு எஞ்சின் பொருத்துவது எப்படி என்பதை எங்கே போய்க் கேட்பது? அந்தத் தேடலே இக்கட்டுரை.

முதலில் காஞ்சிபுரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் சென்றோம். அவரைப் பாய் தாத்தா என்று அழைப்போம். "இந்தப் பிள்ளைங்களை எதுக்குப்பா கூட்டியாந்த?" என்று அப்பாவைக் கேட்டார். "எழுதிக்கிறதுக்கு பாய்" என்றார் அப்பா. பாய் தாத்தா சிரித்துவிட்டு, ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டார். அன்று இரண்டு மணிநேரம் அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். எஞ்சின் உட்காரும் தாங்கிகள் சட்டத்தில் எங்கே இருக்கின்றன, எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் மூடியின் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்துமா, கிளட்ச்சின் பற்கள் எத்தனை, கியர் பெட்டி நீளமானால் பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டை எவ்வளவு வெட்ட வேண்டும், ரேடியேட்டர் தாங்குமா, புது எடைக்கு முன்பக்க ஸ்பிரிங் தாழுமா என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். இவையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவை அல்ல; கை கற்றவை.

அப்பாவின் ஆசை, பின்னாளில் அம்பாசிடரில் வந்த ஐசுசு 1.8 லிட்டர் எஞ்சினை எங்கள் வண்டியில் வைப்பது. அதற்கு ஐந்து கியர், இழுவையும் அதிகம். பழைய வண்டிகளை ஆசைக்காக வைத்திருப்பவர்கள் பலர் விரும்புவதும் அதையே. எனவே சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்றோம். உடைத்த வண்டிகளின் பாகங்கள் தெருவெங்கும் குவிந்துகிடக்கும் இடம் அது. புத்தகத்தில் படமாக இருப்பதை அங்கே கையால் தொட்டு, நாடாவால் அளந்து பார்க்கலாம். பழைய எஞ்சினுக்கு இஞ்ச் அளவு ஸ்பானரும், ஐசுசுவுக்கு மில்லிமீட்டர் ஸ்பானரும் வேண்டும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டோம். ஒரு கடையில் எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அப்பா முன்பணம் எடுத்தேவிட்டார். "பில் இருக்கா, எந்த வண்டியிலிருந்து எடுத்தது?" என்று எங்களில் மூத்தவள் கேட்டாள். பாய் தாத்தா சொல்லி அனுப்பிய முதல் கேள்வி அது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா பணத்தைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். கல்லூரிப் பணம் அன்று தப்பியது.

திரும்பும் வழியில் ஒரு பழைய புத்தகக் கடையில் நல்ல வேளையாக இங்கிலாந்தில் அச்சான மோரிஸ் ஆக்ஸ்போர்டு பழுதுபார்ப்புக் கையேடு கிடைத்தது. அம்பாசிடர் அந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்தது. அதன் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் வேகக் காரிலும் முதலில் அதே அளவுள்ள 'பி' வரிசை எஞ்சினே இருந்தது. ஆகவே நம் ஊர் வண்டிக்கு வேண்டிய விவரம் அதன் உறவுக்காரர் வீட்டுப் புத்தகத்திலும் கிடைக்கும் என்று அறிந்தோம். உருளையின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஏறக்குறைய 89 மில்லிமீட்டர், தீப்பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. இவற்றை எங்கள் இயற்பியல் ஆசிரியை அருட்சகோதரியிடம் காட்டினோம். கன அளவைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான்கு உருளைக்கும் சேர்த்து 1489 வந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது.

மூன்றாவதாக நாங்கள் படித்தது சட்டம். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவானவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இதை வாசித்துக் காட்டியதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. ஐசுசு ஆசையை அன்றிரவே விட்டுவிட்டார்.

தாத்தாவிடம் சொன்னோம். பக்கவாதத்துக்குப் பின் அவர் பேச்சு குழறும், ஆனாலும் தெளிவாகவே சொன்னார்: "பெட்னி போடற மாதிரிதான். உடலு ஒரு பாவு, முந்தானை ஒரு பாவு. இழைக்கு இழை பார்த்துச் சேர்க்கணும். ஓர் இழை தப்பினாலும் புடவையே கெட்டுப்போயிடும்." இரு வேறு பாவுகளை இணைக்கும் அந்தக் கலையை நாற்பது ஆண்டு செய்தவர், எஞ்சினைப் பற்றியும் அதையே சொன்னார்.

கடைசியில், ஓடாமல் கிடந்த இன்னொரு அம்பாசிடரின் அதே வகை 1489 எஞ்சினை, உரிமையாளரின் கையெழுத்துடனும் ரசீதுடனும் வாங்கினோம். ஒப்புதல் பெற்றபின் பாய் தாத்தா நான்கு நாளில் பொருத்தினார். நாங்கள் கையேட்டைப் பிடித்தபடி அளவுகளை வாசித்தோம். "ஏம்மா, புக்கு என்ன சொல்லுது?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு இடங்களில் புத்தகம் சொன்னதைவிட அவர் கை சொன்னதே சரியாக இருந்தது. ஓரிடத்தில் புத்தகமே சரி. வண்டி கிளம்பிய அன்று தாத்தாவை நாற்காலியோடு தூக்கிவந்தோம். அவர் நடுங்கும் கையைப் பானெட்டின்மேல் வைத்துக்கொண்டு, எஞ்சினின் அதிர்வை உணர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது மாதம் ஒருமுறை அவரை ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில்தான் அழைத்துச் செல்கிறோம். கல்லூரிப் பணத்திலும் பெரும்பகுதி மிச்சம்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே நடந்த ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன, ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்பவர் இருவர், பணிப்பெண்கள் இருவர் இருந்தனர் என்று அது கூறுகிறது. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி முதலான மருந்துகளின் பெயர்களும் அதிலே உண்டு. விடுதி மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும் ஏற்பாடுகூட எழுதப்பட்டிருக்கிறது! சிறுவயதுமுதல் அந்தச் சுவரைச் சுற்றி விளையாடிய எங்களுக்கு, அதன் அருமை இப்போதுதான் விளங்கிற்று. அறிந்தவர் மறைந்தாலும் அறிந்தது மறையாமலிருக்க, யாரோ அதைக் கல்லில் எழுதி வைத்தார்கள்.

பாய் தாத்தாவுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். அவர் கையிலுள்ளது எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே இரண்டு குயர் நோட்டு ஒன்றில் அவர் சொன்ன அளவுகளையெல்லாம் படத்துடன் தெளிவாக எழுதி, அட்டை போட்டு, அவர் பட்டறையிலேயே ஆணியில் மாட்டியிருக்கிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் வெளியூர் இளைஞர்கள் சிலர் வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னார்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் தறியிலோ அடுப்படியிலோ வயலிலோ எழுதப்படாத கல்வி இருக்கும். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் அருகில் சென்று அமருங்கள்.